சிறிய மகிழுந்துகளில் எஞ்சின் மாற்றமும் டர்போ ஏற்றமும்

எஞ்சின் மாற்றம், டர்போ ஏற்றம் என்பன ஒரு சிறிய மகிழுந்தின் திறனைத் தொழிற்சாலை நிலையிலிருந்து உயர்த்துவதற்குக் கையாளப்படும் இரு முதன்மையான வழிகளாகும். வண்டியில் உள்ள எஞ்சினை அகற்றிவிட்டு, வேறொரு மாதிரி வண்டிக்கெனச் செய்யப்பட்ட கூடிய திறன் கொண்ட எஞ்சினைப் பொருத்துதல் எஞ்சின் மாற்றம் எனப்படும். இருக்கும் எஞ்சினையே வைத்துக்கொண்டு, டர்போசார்ஜர் என்னும் கருவியால் காற்றை அழுத்தி அதனுள் செலுத்துதல் டர்போ ஏற்றம் எனப்படும்.

இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு கூடுதல் திறனைத் தரக்கூடியவை. எனினும் அத்திறன் பெறப்படும் முறை, எஞ்சினின் பாகங்கள் தாங்க வேண்டிய சுமை, செலவு ஏற்படும் காலம், சட்டப்படி வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கான வாய்ப்பு ஆகியவற்றில் இவை பெரிதும் வேறுபடுகின்றன. எஞ்சின் மாற்றத்தில், ஒன்றோடொன்று ஒத்துச் செயற்படும்படி தயாரிப்பாளர் வடிவமைத்துச் சோதித்த ஒரு முழுத் தொகுதி வண்டிக்குள் வருகின்றது. டர்போ ஏற்றத்திலோ, குறைந்த சுமைக்கென வடிவமைக்கப்பட்ட பாகங்களின் மீது கூடுதல் சுமை ஏற்றப்படுகின்றது. இவ்விரு வழிகளுக்கும் இடையிலான பெரும்பாலான வேறுபாடுகள் இந்த ஒன்றிலிருந்தே பிறக்கின்றன.

இக்கட்டுரை, இரு வழிகளும் மிகப் பரவலாகக் கையாளப்பட்ட வண்டிகளுள் ஒன்றான ஹோண்டா சிவிக் மகிழுந்தின் ஐந்தாம், ஆறாம் தலைமுறைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவற்றை விளக்குகின்றது.

பின்னணி

சிவிக் மகிழுந்தின் ஐந்தாம் தலைமுறை 1991 ஆம் ஆண்டிலும், ஆறாம் தலைமுறை 1995 ஆம் ஆண்டிலும் ஜப்பானில் அறிமுகமாயின. ஐக்கிய அமெரிக்காவில் இவை முறையே 1992–1995, 1996–2000 மாதிரி ஆண்டுகளில் விற்கப்பட்டன. இவ்வண்டிகளுள் பெரும்பாலானவை 950 முதல் 1,150 கிலோகிராம் வரையான எடையே கொண்டவை. எடை குறைவாதலால், சில பத்துக் குதிரைத்திறன் கூடினாலும் வேகம் எடுப்பதில் தெளிவான மாற்றம் தெரியும். இரட்டை விஷ்போன் வகைத் தொங்கல் அமைப்பும், எளிதில் கிடைத்த பாகங்களும் இவ்வண்டிகளை மாற்றி அமைப்போரிடையே விரும்பப்படுபவையாக ஆக்கின.

இவற்றுள் பெரும்பாலானவை டி வரிசை எனப்படும், ஒற்றைக் கேம் ஷாஃப்ட் கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சின்களுடன் விற்கப்பட்டன. எரிபொருட் சிக்கனத்தையும் நீடித்த உழைப்பையும் முதன்மையாகக் கொண்டு உருவானவை இவை. இவற்றுக்கு மாற்றாகப் பொருத்தப்படும் எஞ்சின்கள் பி வரிசை, கே வரிசை ஆகியவற்றைச் சேர்ந்தவை. ஐக்கிய அமெரிக்காவில் விற்கப்பட்ட சில எஞ்சின்களின் விவரங்கள் வருமாறு:

* டி16இசட்6 (சிவிக், 1992–1995): 1,590 கன செ.மீ., 125 குதிரைத்திறன், 144 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை
* பி16ஏ2 (சிவிக் எஸ்ஐ, 1999–2000): 1,595 கன செ.மீ., 160 குதிரைத்திறன், 150 நியூட்டன் மீட்டர்
* பி18சி1 (அக்யூரா இன்டெக்ரா ஜிஎஸ்-ஆர், 1994–2001): 1,797 கன செ.மீ., 170 குதிரைத்திறன், 174 நியூட்டன் மீட்டர்
* கே20ஏ2 (அக்யூரா ஆர்எஸ்எக்ஸ் டைப்-எஸ், 2002–2004): 1,998 கன செ.மீ., 200 குதிரைத்திறன், 193 நியூட்டன் மீட்டர்
* கே24ஏ2 (அக்யூரா டிஎஸ்எக்ஸ், 2004): 2,354 கன செ.மீ., 200 குதிரைத்திறன், 225 நியூட்டன் மீட்டர்

அடிப்படைத் தத்துவம்

பெட்ரோல் எஞ்சினின் திறன், குறித்த நேரத்தில் அது எரிக்கக்கூடிய காற்றின் நிறையைப் பொறுத்தது. எரிபொருளைக் கூட்டுவது எளிது. அதனை எரிப்பதற்கு வேண்டிய காற்றைச் சிலிண்டருக்குள் கொண்டுவருவதே கடினம். காற்றின் அளவைக் கூட்ட மூன்று வழிகள் உள்ளன: சிலிண்டரின் கொள்ளளவைக் கூட்டுதல், நிமிடத்திற்கான சுழற்சிகளைக் கூட்டுதல், உள்ளே வரும் காற்றின் அடர்த்தியைக் கூட்டுதல். எஞ்சின் மாற்றம் முதல் இரு வழிகளைச் சார்ந்தது. டர்போ ஏற்றம் மூன்றாம் வழியைச் சார்ந்தது.

டி16இசட்6, பி16ஏ2 ஆகிய இரண்டையும் ஒப்பிட்டால் இது தெளிவாகும். இரண்டின் கொள்ளளவும் ஏறத்தாழ ஒன்றே. முறுக்குவிசையிலும் பெரிய வேறுபாடு இல்லை. ஆயினும் முதலாவது நிமிடத்திற்கு 6,600 சுழற்சிகளில் தன் உச்சத் திறனை அடைய, இரண்டாவது 7,600 சுழற்சிகளில் அதனை அடைகின்றது. டி16 எஞ்சினில் பிஸ்டன் நகரும் தொலைவு 90 மில்லிமீட்டர். பி16 எஞ்சினில் அது 77.4 மில்லிமீட்டர். ஆகவே உச்சத் திறனின்போது இரண்டிலும் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 20 மீட்டருக்குச் சற்றுக் குறைவாகவே உள்ளது. அதாவது, பி16 எஞ்சின் பிஸ்டனை மேலும் விரைவாக ஓட்டாமலேயே 1,000 சுழற்சிகள் கூடுதலாகச் சுற்றுகின்றது. இந்த இயல்பை டி16 எஞ்சினில் பின்னர் சேர்க்க இயலாது. அது வடிவமைப்பிலேயே அமைவது.

எஞ்சின் மாற்றம்

பி வரிசை

பி வரிசை எஞ்சின்களைச் சிவிக்கில் பொருத்துவது ஒப்பீட்டளவில் எளிது. ஹோண்டா நிறுவனமே ஜப்பானில் விற்ற சிவிக் எஸ்ஐஆர் வகையில் பி16ஏ எஞ்சினையும், 1997 ஆம் ஆண்டில் வெளிவந்த சிவிக் டைப் ஆர் வகையில் பி16பி எஞ்சினையும் இதே உடலமைப்பில் பொருத்தியிருந்தது. எனவே எஞ்சினைத் தாங்கும் பிடிப்புகள், சக்கரத் தண்டுகள், கியர் மாற்றும் தண்டுகள் ஆகியன தொழிற்சாலைப் பாகங்களாகவே கிடைத்தன. வண்டியின் உடலை வெட்டவோ பற்றவைக்கவோ வேண்டியதில்லை. விடெக் அமைப்பு இல்லாத வண்டியாயின் அதற்குரிய மின்கம்பிகளைச் சேர்த்து, எஞ்சின் கட்டுப்பாட்டுக் கணினியையும் மாற்ற வேண்டும்.

எஞ்சினுடன் அதற்குரிய கியர்பாக்ஸும் வருவது இம்முறையின் முக்கியமான பயனாகும். டி வரிசைக் கியர்பாக்ஸ் பி வரிசை எஞ்சினுடன் இணையாது. ஆதலால் கூடிய திறனுக்கென வடிவமைக்கப்பட்ட கியர்பாக்ஸைப் பொருத்துவது கட்டாயமாகின்றது. முதலில் இது கூடுதற் செலவாகத் தோன்றினாலும், பின்னாளில் கியர்பாக்ஸ் உடையும் இடரை இது பெருமளவு குறைக்கின்றது.

பி வரிசை எஞ்சின்களின் உற்பத்தி 2000களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்துவிட்டது. இன்று கிடைப்பவை அனைத்தும் பழைய எஞ்சின்களே. நல்ல நிலையில் உள்ளவை அரிதாகியதால் அவற்றின் விலையும் உயர்ந்துள்ளது.

கே வரிசை

2001 ஆம் ஆண்டில் அறிமுகமான கே வரிசை எஞ்சின்கள் கூடிய கொள்ளளவும், பல்பட்டைக்கு மாற்றாகச் சங்கிலியும், உட்புகு வால்வுகளின் நேரத்தைத் தொடர்ச்சியாக மாற்றும் அமைப்பும் கொண்டவை. கே20ஏ2 எஞ்சின், வேறு மாற்றம் ஏதுமின்றியே டி16இசட்6 எஞ்சினைவிட 75 குதிரைத்திறன் கூடுதலாகத் தருகின்றது.

எனினும் 1990களின் சிவிக் உடலமைப்பு இவ்வெஞ்சினுக்கென உருவானதன்று. பின்வரும் வேறுபாடுகள் பொருத்தும் வேலையைக் கடினமாக்குகின்றன:

* டி, பி வரிசை எஞ்சின்கள் சுழலும் திசைக்கு எதிர்த் திசையில் கே வரிசை எஞ்சின் சுழல்கின்றது. எனவே கியர்பாக்ஸ் வண்டியின் மறுபக்கத்தில் அமைகின்றது.
* பழைய எஞ்சின்களில் புகைவழி வண்டியின் முன்புறம் நோக்கியது. கே வரிசையில் அது பின்புறம் நோக்கியது.
* பழைய கியர்பாக்ஸ் தண்டுகளால் இயக்கப்பட்டது. கே வரிசைக் கியர்பாக்ஸ் கம்பி வடங்களால் இயக்கப்படுவது.
* எஞ்சின் பிடிப்புகள், சக்கரத் தண்டுகள், புகைக்குழாயின் முற்பகுதி, மின்கம்பித் தொகுதி ஆகிய அனைத்தும் தனியே செய்யப்பட்டவையாக இருத்தல் வேண்டும்.

இப்பாகங்களைத் தனியார் நிறுவனங்கள் ஆயத்த நிலையில் விற்கின்றன. ஆயினும் எஞ்சினின் விலையோடு இவற்றின் விலையும் சேரும்போது, எஞ்சின் மட்டும் என்று போட்ட கணக்கு பெரும்பாலும் தவறிவிடும்.

பழைய எஞ்சினைத் தேர்தல்

எஞ்சின் மாற்றத்தின் பெரிய இடர், வாங்கப்படும் எஞ்சினின் கடந்த காலம் தெரியாமையே ஆகும். வாங்குவதற்கு முன் ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்க அழுத்தத்தையும், காற்றுக் கசிவையும் அளந்து பார்ப்பது வழக்கம். தனி அளவைவிட, சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாடே உள்நிலையை நன்கு காட்டும். ஹோண்டாவின் பழுதுபார்ப்பு நூல்கள் இவ்வேறுபாட்டின் மேல் எல்லையை 200 கிலோபாஸ்கல் எனக் குறிக்கின்றன. எஞ்சின் வெளியே இருக்கும்போதே பல்பட்டை, நீரேற்றி, எண்ணெய்த் தடுப்பு வளையங்கள், கிளட்ச் ஆகியவற்றை மாற்றிவிடுவது சிக்கனமானது. பொருத்திய பின் அதே வேலைக்குப் பலமடங்கு உழைப்பு தேவைப்படும்.

டர்போ ஏற்றம்

வரலாறு

டர்போசார்ஜரின் அடிப்படைக் கருத்துக்குச் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். மகிழுந்துகளில் இது தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தது 1962 ஆம் ஆண்டில் ஆகும். அவ்வாண்டு ஐக்கிய அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரோலெட் கார்வேர் மான்சா ஸ்பைடர் ஆகிய இரண்டும் வெளிவந்தன.

ஜெட்ஃபயரின் வரலாறு, டர்போ ஏற்றத்தைப் பற்றிய ஒரு நிலையான பாடமாக உள்ளது. அதன் எஞ்சினின் அமுக்க விகிதம் 10.25:1 என்னும் உயர்ந்த அளவில் இருந்தது. அழுத்தப்பட்ட காற்று அதில் தாறுமாறாக வெடிக்காமல் இருக்க, நீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவம் தனித் தொட்டியிலிருந்து தெளிக்கப்பட்டது. உரிமையாளர்கள் பலர் அத்தொட்டியை நிரப்பத் தவறினர். குறைகள் பெருகவே, 1963 ஆம் ஆண்டுடன் அவ்வண்டி நிறுத்தப்பட்டது. பின்னர் டர்போசார்ஜரைக் கழற்றிச் சாதாரண கார்புரேட்டர் பொருத்தித் தரவும் நிறுவனம் முன்வந்தது. கருவி இயங்கியது, அது வேண்டிய கவனிப்பே தொடரவில்லை.

இயங்கும் முறை

டர்போசார்ஜரில் ஒரே அச்சில் இரு சக்கரங்கள் உள்ளன. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகின்றது. இந்த அச்சு நிமிடத்திற்கு 1,00,000 சுழற்சிகளுக்கு மேலும் சுழலக்கூடியது. அதனைத் தாங்குவது எஞ்சின் எண்ணெயின் மெல்லிய படலமே. எனவே தூய எண்ணெய் தடையின்றி வருவதும், சூடான எண்ணெய் தடையின்றித் திரும்புவதும் இன்றியமையாதன. டி வரிசை எஞ்சின்களில் எண்ணெய் திரும்புவதற்கான வழி இல்லை; அடியிலுள்ள எண்ணெய்க் கலத்தில் துளையிட்டு அதனை அமைக்க வேண்டும்.

அழுத்தம் எல்லை மீறாதபடி, புகையின் ஒரு பகுதியைச் சக்கரத்தைத் தவிர்த்து வெளியேற்றும் வால்வு ஒன்றும் உண்டு. இது வேஸ்ட்கேட் எனப்படும்.

ஒரு கணக்கு

டி16இசட்6 எஞ்சினுக்கு 0.48 பார், அதாவது சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 7 பவுண்டு, மேலதிக அழுத்தம் தரப்படுவதாகக் கொள்ளலாம். வளிமண்டல அழுத்தத்தோடு ஒப்பிட இது 1.48 மடங்காகும். ஆனால் காற்றை அழுத்தும்போது அது சூடாகின்றது. 27 பாகை செல்சியசில் உள்ள காற்றை, 70 விழுக்காடு வினைத்திறன் கொண்ட அமுக்கி இவ்வளவுக்கு அழுத்தினால் அதன் வெப்பநிலை ஏறத்தாழ 78 பாகையை எட்டும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஆகவே காற்றின் அடர்த்தி 1.48 மடங்கன்றி 1.27 மடங்காகவே உயரும்.

இடையில் ஓர் இன்டர்கூலரைப் பொருத்தி, கூடிய வெப்பத்தில் 70 விழுக்காட்டை நீக்கினால், காற்று ஏறத்தாழ 42 பாகைக்குக் குளிரும்; அடர்த்தி 1.41 மடங்காகும். கோட்பாட்டளவில் 125 குதிரைத்திறன், இன்டர்கூலர் இல்லாவிடில் 158 ஆகவும், இருந்தால் 176 ஆகவும் உயரும். அழுத்த இழப்பு, தீப்பற்றும் நேரத்தைப் பின்தள்ளுதல் ஆகியவற்றால் நடைமுறையில் இது சற்றுக் குறையும். இருப்பினும் பி18சி1 எஞ்சினின் திறனுக்கு அருகில் வரும் இவ்வளவு, மிதமான அழுத்தத்திலேயே கிடைக்கின்றது. இக்கணக்கின்படி முறுக்குவிசையும் 144 நியூட்டன் மீட்டரிலிருந்து 200 ஐ எட்டும். அதுவும் நடுத்தர வேகங்களிலேயே. நகரச் சாலையில் டர்போ ஏற்றிய வண்டி மிகுந்த விசையுடன் இருப்பதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே.

எரிபொருளும் கட்டுப்பாடும்

காற்று கூடினால் எரிபொருளும் கூட வேண்டும். டி16இசட்6 எஞ்சினின் இன்ஜெக்டர்கள் ஒவ்வொன்றும் நிமிடத்திற்கு ஏறத்தாழ 240 கன சென்டிமீட்டர் எரிபொருளைத் தெளிக்க வல்லவை. 176 குதிரைத்திறனுக்கு, பாதுகாப்பான இடைவெளியுடன், ஏறத்தாழ 350 கன சென்டிமீட்டர் தேவைப்படும். எனவே பெரிய இன்ஜெக்டர்களும், அவற்றை அறிந்து இயக்கக்கூடிய கட்டுப்பாட்டு நிரலும் வேண்டும்.

ஹோண்டாவின் கட்டுப்பாட்டுக் கணினி, உட்புகு குழாயின் அழுத்தத்தையும் சுழற்சி வேகத்தையும் கொண்டு எரிபொருளைக் கணிக்கின்றது. தொழிற்சாலை நிரல் வளிமண்டல அழுத்தம் வரையான நிலைகளுக்கே எழுதப்பட்டது. அதற்கு மேலான அழுத்தத்தில் எவ்வளவு எரிபொருள் தருவது, எப்போது தீப்பற்ற வைப்பது என்பன அதில் இல்லை. 1992–1995 காலத்துக் கணினிகளில் நினைவகச் சில்லை மாற்றிப் புதிய நிரலை இடும் முறை இதனாலேயே பரவியது. நிரலை அந்தந்த வண்டிக்கேற்ப அளவிட்டுத் திருத்துவது டியூனிங் எனப்படும். டர்போ ஏற்றத்தில் இது விருப்பத் தேர்வன்று. எஞ்சினின் வாழ்நாளை முடிவு செய்வது இதுவே.

எஞ்சின் தாங்கும் எல்லை

அழுத்தமும் வெப்பமும் மிகும்போது, தீப்பொறியால் எரிய வேண்டிய கலவையின் ஒரு பகுதி தானாகவே வெடிக்கக்கூடும். இது நாக்கிங் எனப்படும். சில நொடிகள் நீடித்தாலே, பிஸ்டனில் வளையங்களைத் தாங்கும் மெல்லிய பகுதி உடையலாம். டி வரிசை எஞ்சின்களின் பிஸ்டன்கள் வார்ப்பு முறையில் செய்யப்பட்டவை. கனெக்டிங் ராடுகள் மெல்லியவை. சிலிண்டர்களின் மேற்பகுதி சுற்றிலும் தாங்கலின்றித் தனித்து நிற்கின்றது. இவை தொழிற்சாலைத் திறனுக்குப் போதுமானவை, குறையுடையவை அல்ல. ஆனால் டர்போ ஏற்றம், வடிவமைப்பாளர் பாதுகாப்பிற்காக விட்டுவைத்த இடைவெளியையே திறனாக மாற்றுகின்றது.

டி16இசட்6 எஞ்சினின் அமுக்க விகிதம் 9.2:1 மட்டுமே என்பது டர்போ ஏற்றத்திற்குச் சாதகமானது. பி, கே வரிசையின் திறன் மிக்க எஞ்சின்களில் இது 10:1 அல்லது அதற்கு மேலாகும். கே20ஏ2 எஞ்சினில் 11:1. அமுக்க விகிதம் உயர உயர, அதே எரிபொருளுடன் பாதுகாப்பாக ஏற்றக்கூடிய அழுத்தம் குறையும்.

ஒப்பீடு

சுமையின் தன்மை

உயர் சுழற்சியில் இயங்கும் எஞ்சினில் கனெக்டிங் ராடுகளை இழுக்கும் விசை, சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்கின்றது. டர்போ ஏற்றிய எஞ்சினில் அவற்றை அமுக்கும் விசை, சிலிண்டர் அழுத்தத்திற்கு ஏற்ப உயர்கின்றது. மாற்றிப் பொருத்தப்படும் எஞ்சினின் பாகங்கள் முதல் வகைச் சுமைக்கெனச் செய்யப்பட்டவை. பழைய எஞ்சினின் பாகங்களோ இரண்டாம் வகைக் கூடுதற் சுமைக்கெனச் செய்யப்படவில்லை.

செலவு

எஞ்சின் மாற்றத்தின் செலவு பெரும்பாலும் தொடக்கத்திலேயே முடிந்துவிடும். டர்போ ஏற்றம் குறைந்த தொகையில் தொடங்கலாம். ஆனால் இன்ஜெக்டர், எரிபொருள் பம்பு, கிளட்ச், நிரல் திருத்தம், புகைக்குழாய் எனத் தொடர்ந்து நீளும். இறுதியில் எஞ்சின் உடைந்து வலுவான பாகங்களுடன் மீண்டும் கட்ட நேர்ந்தால், மொத்தச் செலவு எஞ்சின் மாற்றத்தையும் விஞ்சிவிடும். மலிவான தொகுப்புகளில் முதலில் கைவிடப்படுவது நிரல் திருத்தமே. முதலில் உடைவதும் அத்தகைய எஞ்சின்களே.

ஓட்டும் இயல்பு

பி16ஏ2 போன்ற எஞ்சின் பொருத்திய வண்டி, குறைந்த சுழற்சியில் பழைய வண்டியைப் போலவே இருக்கும். உயர் சுழற்சியில் மட்டுமே அதன் திறன் வெளிப்படும். கே24ஏ2 போன்ற பெரிய எஞ்சின் எல்லா வேகங்களிலும் விசை தரும். டர்போ ஏற்றிய எஞ்சின் நடுத்தர வேகத்தில் திடீரென விசை பெறும். அதற்கு முன் சிறு தாமதம் இருக்கும்.

பராமரிப்பும் மீட்சியும்

எஞ்சின் மாற்றிய வண்டிக்கு, அவ்வெஞ்சின் முதலில் இருந்த வண்டியின் பாகங்களையே வாங்கலாம். அதன் பழுதுபார்ப்பு நூலையே பின்பற்றலாம். டர்போ ஏற்றிய வண்டிக்கு அத்தகைய நூல் இல்லை. அதைக் கட்டியவரின் குறிப்புகளே நூலாகும். மறுபுறம், டர்போ அமைப்பைக் கழற்றி வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது எளிது.

இடவசதியும் கவனிக்கத்தக்கது. சிவிக்கில் டி வரிசை எஞ்சினின் புகைவழி முன்புறம் இருப்பதால், டர்போசார்ஜர் எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் அமைகின்றது. குளிர்சாதனத்தை வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு இது பெரும் இடையூறாகும்.

வண்டியின் பிற பாகங்கள்

எவ்வழியைத் தேர்ந்தாலும், கூடிய வேகத்தை நிறுத்த வேண்டிய பொறுப்பு பிரேக்குகளுடையது. ஒரு பொருளின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், வேகம் 20 விழுக்காடு கூடினால் பிரேக்குகள் வெப்பமாக மாற்ற வேண்டிய ஆற்றல் 44 விழுக்காடு கூடுகின்றது. 160 குதிரைத்திறன் கொண்ட சிவிக் எஸ்ஐ வகைக்கு ஹோண்டா நான்கு சக்கரங்களிலும் வட்டு பிரேக்குகளைப் பொருத்தியது. அதே தலைமுறையின் எளிய வகைகளில் பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக்குகளே இருந்தன. எஞ்சினை மட்டும் மாற்றிப் பிரேக்கை விட்டுவிடுவோர், தயாரிப்பாளர் சேர்த்தே செய்த இரு மாற்றங்களுள் ஒன்றையே செய்கின்றனர்.

இவை முன் சக்கரங்களால் இயங்கும் வண்டிகள். விசை திடீரென வரும்போது முன் சக்கரங்கள் வழுக்குவதும், ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுப்பதும் உண்டு. நடுத்தர வேகத்தில் விசை பெருகும் டர்போ வண்டிகளில் இது கூடுதலாகத் தெரியும். நல்ல டயர்களும், சக்கரங்களுக்கு இடையே விசையைப் பகிரும் டிஃபரென்ஷியலும் இதனைக் குறைக்கும்.

சட்ட நிலை

பல நாடுகளில் இத்தகைய மாற்றங்கள் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு உட்பட்டவை.

* கலிபோர்னியாவில், பொருத்தப்படும் எஞ்சின் வண்டியின் மாதிரி ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாக இருத்தல் வேண்டும். அவ்வெஞ்சினுக்குரிய வினையூக்கி மாற்றி உள்ளிட்ட மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் உடன் இருத்தல் வேண்டும். வண்டி தனி நடுவரிடம் காட்டப்பட்டுச் சான்று பெறும். டர்போ தொகுப்பாயின், மாநிலக் காற்று வள வாரியம் அவ்வண்டிக்கென அதற்கு விலக்காணை வழங்கியிருத்தல் வேண்டும்.
* ஐக்கிய இராச்சியத்தில் எஞ்சின் எண், கொள்ளளவு ஆகியவற்றின் மாற்றத்தை ஓட்டுநர், வாகன உரிம முகமைக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றைத் திருத்த வேண்டும்.
* இந்தியாவில் 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடை செய்கின்றது. உச்ச நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டு சனவரியில் இதனை உறுதி செய்தது. இயற்கை எரிவாயு போன்ற வேறு எரிபொருளுக்கு அங்கீகரிக்கப்பட்ட கருவிகளால் மாற்றுவது இதற்கு விலக்காகும்.

கலிபோர்னிய விதிகளின்படி, 1990களின் சிவிக்கில் அதைவிடப் புதிய எஞ்சினைப் பொருத்திச் சான்று பெற வழி உண்டு. தனித்தனிப் பாகங்களைச் சேர்த்துக் கட்டிய டர்போ அமைப்புக்கு அவ்வாய்ப்பு மிகக் குறைவு. காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவிக்கப்படாத மாற்றம், விபத்தின்போது இழப்பீட்டைப் பாதிக்கக்கூடும் என்பதும் கருதத்தக்கது.

தேர்வு செய்தல்

தேர்வு பொதுவாகப் பின்வரும் வரிசையில் அமைகின்றது. முதலாவது, வண்டி சாலையில் ஓட வேண்டியதா, பந்தயத் தடத்துக்கு மட்டுமா என்பது. சாலைக்காயின் சட்டம் அனுமதிக்காத வழி அப்போதே நீங்கிவிடும். இரண்டாவது, இருக்கும் எஞ்சினின் நிலை. அமுக்க அழுத்தம் குறைந்த, எண்ணெய் எரிக்கும் எஞ்சினுக்கு டர்போ ஏற்றுவது அதன் முடிவை விரைவுபடுத்துவதாகும். அத்தகைய வண்டிக்கு எப்படியும் வேறு எஞ்சின் தேவைப்படுவதால் எஞ்சின் மாற்றமே பொருந்தும். மூன்றாவது, வேண்டிய திறன். 160 முதல் 200 குதிரைத்திறன் வரை தொழிற்சாலை எஞ்சின்களே தருகின்றன. அதற்கு மேல் வேண்டின் டர்போ ஏற்றமும், அதற்கென வலுவூட்டிக் கட்டப்பட்ட எஞ்சினும் தேவைப்படும். நான்காவது, நம்பகமான நிரல் திருத்துநர் அணுகக்கூடிய தொலைவில் இருக்கின்றாரா என்பது. இல்லையெனில் டர்போ ஏற்றத்தைத் தவிர்ப்பதே நலம்.

நாள்தோறும் வேலைக்குச் செல்ல உதவும் ஒரே வண்டியாயின், வண்டி நின்றுபோகும் நாட்களும் செலவே ஆகும். அந்நிலையில் உச்சத் திறனைவிட, பழுதுற்றால் பாகம் எளிதில் கிடைப்பதே முதன்மை பெறும்.

தயாரிப்பாளரின் வழி

பல்லாண்டுகள் டர்போ இல்லாத, உயர் சுழற்சி எஞ்சின்களுக்குப் பெயர் பெற்றிருந்த ஹோண்டாவே பின்னர் சிவிக்கில் டர்போவுக்கு மாறியது. 2015 ஆம் ஆண்டின் சிவிக் டைப் ஆர் 2.0 லிட்டர் டர்போ எஞ்சினுடன் வெளிவந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 2016 மாதிரி ஆண்டுச் சிவிக், 174 குதிரைத்திறன் கொண்ட 1.5 லிட்டர் டர்போ எஞ்சினைப் பெற்றது. அதன் அமுக்க விகிதம் 10.6:1. எரிபொருள் நேரடியாகச் சிலிண்டருக்குள் தெளிக்கப்பட்டு, ஆவியாகும்போது கலவையைக் குளிர்விப்பதால் இவ்வளவு உயர்ந்த விகிதம் இயலுகின்றது.

தொழிற்சாலை டர்போ எஞ்சினில் பிஸ்டன், குளிர்விப்பு, எரிபொருள் அமைப்பு, கட்டுப்பாட்டு நிரல், கியர்பாக்ஸ் ஆகிய அனைத்தும் அக்காற்றழுத்தத்தை எதிர்பார்த்தே வடிவமைக்கப்படுகின்றன. ஆகவே டர்போ ஏற்றம் தன்னளவில் எஞ்சினுக்குக் கேடு விளைவிப்பதன்று. அதனை எதிர்பாராத எஞ்சினில், எஞ்சிய பாகங்களைக் கவனியாமல் சேர்ப்பதே கேடு விளைவிப்பது.

இவற்றையும் பார்க்க

* உள் எரி பொறி
* டர்போசார்ஜர்
* அமுக்க விகிதம்
* ஹோண்டா சிவிக்
* வினையூக்கி மாற்றி